சாயங்காலத்து அடி

சாயங்காலம் பந்து படப்போகிற இடம் சங்கிலிமுத்துவின் உடம்பில் அன்று காலையிலேயே கன்றி நீலம் பாரித்துவிடும். ஓடைமங்கலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதன்முதலில் அதைப் பார்த்தவள் அவன் மனைவி ஆவுடைத்தாய். பார்த்த இடம் அடுப்படிக்குப் பின்னால் இருந்த குளிக்கிற கல். பார்த்த நேரம், மில்லுக்கு விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் முதுகுக்கு அவள் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது. வலது விலாவில், ஹாக்கிப் பந்தை மையில் தோய்த்து ஒற்றி எடுத்த மாதிரி ஒரு வட்டம்.

"எங்க போயி இடிச்சீங்க?"

"எங்கயும் இடிக்கலியே. ஆனா வலிக்கத்தான் செய்யுது."

அன்று சாயங்காலம் கரிசல் மைதானத்தில், அவன் கோல்கீப்பராக நின்ற ஆட்டம் தொடங்கி இருபதாவது நிமிடம், பக்கத்து ஊர் அணிக்காரன் ஓங்கி அடித்த பந்து அந்த வட்டத்துக்குள் வட்டமாக வந்து பதிந்தது. சங்கிலிமுத்துவுக்கு அப்போது வலிக்கவே இல்லை. வலி காலையிலேயே வந்து போய்விட்டதால், தெரிந்தவர் யாரோ விலாவில் உள்ளங்கையை வைத்து எடுத்த மாதிரிதான் இருந்தது என்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னான். மறுநாள் விடிந்தபோது தோல் சுத்தமாக இருந்தது. அடுத்த ஞாயிறு மூன்று வட்டங்கள், அதற்கடுத்த ஞாயிறு ஐந்து, எல்லாவற்றுக்கும் பந்து தவறாமல் வந்தது.

ஊர் இதற்காக வேலையை நிறுத்திவிட்டு வாய் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஓடைமங்கலத்தில் மழை பெய்யாது, கிணற்றில் உப்புத் தண்ணீர், பாதிப் பேர் மில்லிலும் மீதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை பார்க்கிறவர்கள், நடக்கத் தெரிந்ததும் எல்லோர் கையிலும் ஒரு ஹாக்கி மட்டை. அப்படிப்பட்ட ஊர், காரணத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காமல், வந்ததை எங்கே வைப்பது என்று மட்டும் யோசித்தது. டீக்கடைக்காரர் போண்டா விலை எழுதும் சிலேட்டின் மேல் மூலையில் ஆட்ட நாளன்று வட்டங்களின் எண்ணிக்கையை எழுத ஆரம்பித்தார். அணித் தலைவன் ராஜாமணி, ஏழு எட்டு என்று வந்தால் இன்றைக்கு எதிராளி விடாமல் ஏறி வருவான் என்று புரிந்துகொண்டு பின்னாலே ஓர் ஆளைக் கூட்டி நிறுத்தினான். ஒன்று இரண்டு என்று வந்தால் துணிந்து எல்லோரையும் முன்னால் அனுப்பினான். அரசு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தெய்வநாயகம் மட்டும் முதலில் முரண்டு பிடித்தார்.

"அடி பட்ட பெறகு வாங்க, மருந்து தாரேன். படாத அடிக்கு நான் எந்த விதியில தைலம் குடுக்க?"

"அடி சாயங்காலந்தான் படும் சார். வலி இப்பவே இருக்கே" என்றாள் ஆவுடை.

அவர் சீட்டில் மறுநாள் தேதியைப் போட்டுத் தைலத்தைக் கொடுத்தார். அதிலிருந்து சங்கிலிமுத்துவின் சீட்டுகளுக்கெல்லாம் மறுநாள் தேதிதான்.

தீப்பெட்டி ஆபீஸில் ஆவுடைக்கு ஒரு தனி மரியாதை வந்து சேர்ந்தது. சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருக்கும்போது எதிர் வரிசையிலிருந்து லூர்தம்மாள், "எக்கா, எத்தன?" என்று கேட்பாள். ஆவுடை நிமிராமல், வலது கை குச்சி அடுக்கிக்கொண்டே இருக்க, இடது கை விரல்களை மட்டும் தூக்கிக் காட்டுவாள். அறுபது பெண்களின் கை ஒரு கணம் நின்று மறுபடி ஓடும். அந்த ஒரு கணத்துக்காகவே அவள் ஆட்ட நாளன்று எண்ணெய் வைத்துத் தலை சீவி வந்தாள் என்று சொன்னால் அது பொய்யில்லை.

இதில் ஊர் புரிந்துகொண்ட விதிகள் இரண்டே இரண்டு. வலைக்குள் போகிற பந்து உடம்பில் எதையும் எழுதாது. மூன்று வட்டம் என்றால் மூன்றை உடம்பில் வாங்கித் தடுப்பான் என்றுதான் அர்த்தம், நான்கு உள்ளே போகாது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்தது, கன்றிவிட்டால் அடி வந்தே தீரும். ஒருமுறை முழங்கையில் வட்டத்தோடு காய்ச்சலும் வந்து அவன் ஆட்டத்துக்குப் போகாமல் பாயில் படுத்துவிட்டான். சாயங்காலம் ஐந்தேகால் மணிக்குப் பரணிலிருந்து பித்தளைப் படி உருண்டு விழுந்து, அந்த முழங்கையில், அந்த வட்டத்தில் பட்டுவிட்டுப் போனது. அன்றைக்கு மாற்று கோல்கீப்பர் ஐந்து கோல் வாங்கினான்.

ஆவுடை ஒருநாள் அவனிடம் கேட்டாள், பந்து எங்கே வரும் என்று காலையிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறதே, அப்புறம் தடுப்பதில் என்ன சிரமம் என்று. இருவரும் டவுன் பஸ் நிலையத்தின் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போகிற வருகிற ஜனங்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு ஒரு வழக்கம். சிவப்புச் சேலை இடது பக்கம் திரும்பும், அந்தப் பெட்டிக்காரர் இப்போது நிற்பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பான், பத்தில் ஒன்பது நடக்கும்.

"அது எனக்கு ஒண்ணுக்கும் ஆவாது, ஆவுடை. எங்க படும்னு தெரியும், எப்பப் படும்னு தெரியாதுல்ல. ஊருக்குத்தான் அது ஒதவுது."

"அப்ப எதப் பாத்துத்தான் பந்தத் தடுக்கீங்க?"

"பந்த யாரு பாக்கா? அடிச்ச பெறகு பாத்தா அது வலைக்குள்ள கெடக்கும். அடிக்கதுக்கு முன்னால அவன் முன்கால் எங்க ஊனுது, தோளு எந்தப் பக்கம் எறங்குது, மணிக்கட்டு என்ன சொல்லுது, அதப் பாக்கணும். பாத்து வச்சுக்கிட்டுச் சும்மா நிக்கணும். அதுதான் பெரும்பாடு. தெரிஞ்சிருச்சேன்னு முந்தி அசைஞ்சோம்னா அவன் மாத்திருவான். தெரிஞ்சும் நிக்கணும்."

அவள் தலையாட்டினாள். உண்மையில் அவள் அப்போது, சட்டைக் கைக்கு வெளியே தெரிந்த அவன் முன்கையில் நேற்றைய வட்டம் முழுசாகப் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி நான்கு வருஷம் ஓடி, ஐந்தாவது வருஷம் ஓடைமங்கலத்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு, சொந்த மைதானத்தில், பதினேழு வருஷத்துக்குப் பிறகு சொந்த அணியே வந்து சேர்ந்தது. எதிரில் கடற்கரை ஊரின் துறைமுக அணி. அந்தக் காலத்தில் கோல்கீப்பருக்குக் காலில் கட்டும் உறையும் கையுறையும் மட்டுந்தான். முகத்துக்கு ஒன்றும் கிடையாது.

ஆட்ட நாளன்று விடிந்ததும் ஆவுடை திரும்பிப் பார்த்தாள். வலது தோளில் ஒரு வட்டம், இடது தொடையின் மேல் பக்கம் ஒரு வட்டம். மூன்றாவது, அவன் முகத்தில் இருந்தது. இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, மேல் இமையும் கீழ் இமையும் ஒன்றோடொன்று அழுந்தி மூடிக் கிடந்தன.

"ஆவுடை, இந்தக் கண்ணு தொறக்க மாட்டேங்குதே" என்றான் அவன், கல் உறுத்துகிறது என்று சொல்வதுபோல.

எழுந்துபோய்ச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினான். டம்ளருக்கு நான்கு விரல் தள்ளித் தரையில் விழுந்தது தண்ணீர். அதை அவன் கவனித்ததையும், கவனிக்காததுபோல் இருந்ததையும் அவள் கவனித்தாள்.

கம்பவுண்டர் தெய்வநாயகம் வீட்டுக்கே வந்து, டார்ச் விளக்கைப் பிடித்து, இமையை நெல்லளவு விலக்கிப் பார்த்தார்.

"உள்ள ஒரே ரத்தமாத்தான் தெரியுது. தோலுன்னா ஆறும்னு நான் எழுதித் தந்துருவேன். கண்ணு வேற சங்கதி. கருமணி தப்பிக்குமா தப்பிக்காதாங்கறது, அடி விழுற மாதிரி விழுந்த பெறகு, சாயங்காலம் பாத்துத்தான் சொல்ல முடியும்."

டீக்கடைச் சிலேட்டில் மூன்று என்று எழுதினார்கள். முதலில் ஊருக்குக் கர்வம்தான். மூஞ்சியிலே வாங்கப்போகிறான் நம்ம ஆள் என்று சொல்லிச் சொல்லி டீ குடித்தார்கள். பிறகு யாரோ ஒருவர், தோல் என்றால் மறுநாளே ஆறிவிடும், ஆனால் கண் இரண்டுதானே இருக்கிறது என்றார். அதன் பிறகு டீக்கடையில் பேச்சு குறைந்துவிட்டது. முகத்துக்கு வருகிற பந்து என்றால் உயரப் பந்து, உயரப் பந்து என்றால் கோலின் மேல் பாதிக்குத்தான் வரும் என்று ராஜாமணி கணித்தான். அதே கணிப்பை, மூன்று தெருத் தள்ளிச் சத்திரத்தில் தங்கியிருந்த துறைமுக அணியும் போட்டிருந்தது. ஊருக்கே தெரிந்த செய்தி சத்திரத்துச் சுவருக்கு வெளியே நிற்குமா என்ன.

ராஜாமணி வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"மதினி, நான் என்ன சொல்லட்டும்? மாத்து ஆளு இருக்கான். அண்ணன் வரலைன்னா ஒரு வார்த்த கேக்க மாட்டேன். வீட்டுல இருந்தா கண்ணு தப்பிக்கும்னா நானே வெளிய பூட்டுப் போட்டுட்டுப் போறேன்."

தப்பிக்கும் என்று அவனாலும் சொல்ல முடியவில்லை, அவளாலும் சொல்ல முடியவில்லை. ஆவுடை வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஏழு வருஷமாகப் பெருக்கி மெழுகுகிற வீடு. கதவின் நாதாங்கி, அம்மிக் குழவி, உத்திரத்தில் தொங்கும் உறி, அடுப்பில் தெறிக்கும் விறகு, ஜன்னல் வழியாக வரக்கூடிய தெருப்பிள்ளைகளின் கிட்டிப்புள் என்று ஒரு கண்ணைக் குறிபார்க்கக்கூடியவை அந்த வீட்டில் எத்தனை இருந்தன. ஒன்றும் தெரியாத ஒரு படியோ கட்டையோ வந்து விழுவதைவிட, வருவதை அறிந்தவன் முன்னால் வரும் பந்து மேல் அல்லவா என்று ஒரு பக்கம் தோன்றியது. ஒற்றைக் கண்ணோடு அவன் எதை அறிவான் என்று மறுபக்கம் தோன்றியது. இத்தனை வருஷமும் காலையில் எழுந்து தான் பார்த்தது அவனையா, இல்லை அவன் தோலில் ஊருக்கு வந்த செய்தியையா என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதிலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"அங்க நில்லுங்க. செவரோரம்."

"என்ன?"

"தண்ணிய டம்ளர்ல ஊத்தத் தெரியல. பந்தப் புடிக்கப் போறீகளோ. இந்தாங்க, இதப் புடிங்க பாப்போம்."

முதல் வெங்காயம் நெஞ்சில் பட்டது. இரண்டாவதற்குக் கையை நீட்டினான், கை மூடியபோது வெங்காயம் சுவரில் பட்டுத் திரும்பியிருந்தது. மூன்று, நான்கு, ஐந்து. தூரம் தெரியவில்லை அவனுக்கு. அருகில் வந்துவிட்டது என்று நினைத்தபோது பாதி வழியில் இருந்தது, பாதி வழி என்று நினைத்தபோது நெஞ்சில் பட்டது. பார்த்துக்கொண்டிருந்த ராஜாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். போதும், தெரிந்ததா என்று கேட்பதற்காகவே அவள் ஒன்பதாவதை எறிந்தாள். அது அவன் கைக்குள் இருந்தது.

"எப்பிடி?"

"வெங்காயத்தப் பாக்கத விட்டுட்டேன்" என்றான்.

பத்தாவதைப் பிடித்தான். பதினொன்றைப் பிடித்தான். அவளுக்கு ஆத்திரம் கூடிக்கொண்டு வந்தது. அவன் வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இடது பக்கம், அந்த மூடிய கண்ணின் பக்கம், கீழே எறிந்தாள். பிடித்தான். வானத்தைப் பார்த்துக்கொண்டு முழங்காலுக்கு எறிந்தாள். பிடித்தான்.

"கண்ணு பொய் சொல்லும் ஆவுடை. தோளு சொல்லாது. நீ கீழ எறியப்போறன்னா அது ஒனக்கு முந்தி எறங்கிருது."

கூடையின் அடியில் சருகு மட்டும் மிச்சம் இருந்தது. அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ராஜாமணியிடம், "வருவாரு, போங்க" என்றாள்.

நான்காயிரம் பேர் இருந்தார்கள் என்பார்கள். மைதானத்தைச் சுற்றி அத்தனை பேருக்கு இடம் உண்டா என்பது வேறு விஷயம். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் எப்போதும்போல சங்கிலிமுத்துவின் வலைக்குப் பின்னால் நின்றார்கள், இடைவேளைக்குப் பிறகு அவனோடு மறுமுனை வலைக்குப் பின்னால் போய் நின்றார்கள். பத்தாவது நிமிடம் தோளுக்கு உரியது வந்தது, அவன் சாய்ந்து வாங்கிக்கொண்டான். நாற்பதாவது நிமிடம் தொடைக்கு உரியது வந்தது. காலுறையில் பட்டுத் திரும்பியவற்றை யாரும் எண்ணவில்லை. ஐம்பத்தைந்தாவது நிமிடம் ராஜாமணி ஒரு கோல் போட்டான். அதற்குப் பிறகு ஆட்டத்தில் மிச்சம் இருந்தது ஒரு கண் மட்டும்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறை மட்டை ஓங்கும்போதும் வலைக்குப் பின்னால் அறுபது பெண்கள் தங்கள் இடது கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தை ஓடைமங்கலத்துக்காரன் ஒருவன் பதற்றத்தில் காலால் தட்டிவிட்டான். அம்பயர் விசில் ஊதிப் புள்ளியைக் காட்டினார். பெனால்டி ஸ்ட்ரோக். ஏழு கஜ தூரத்தில் பந்து, நடுவில் யாரும் கிடையாது. பந்து தள்ளப்படும்வரை கோல்கீப்பர் கோட்டில் கால் பெயர்க்காமல் நிற்க வேண்டும்.

துறைமுக அணியின் தனசிங் வந்தான். அந்த வருஷம் ஒரு ஸ்ட்ரோக்கைக்கூட அவன் தவறவிட்டதில்லை. மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சங்கிலிமுத்துவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அண்ணே, பயப்படாதீங்க. ஒங்க மூஞ்சிப் பக்கம் நான் வர மாட்டேன். கண்ணு தப்பிச்சிரும், கோப்பைய மட்டும் நாங்க கொண்டுக்கிட்டுப் போயிருதோம்."

"அது ஒன் சவுரியம் தம்பி" என்றான் சங்கிலிமுத்து.

வலைக்குப் பின்னால் ஆவுடைக்கு இரண்டும் கேட்டன. லூர்தம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "தரையோட போடப் போறான்க்கா. கண்ணு தெரியாத பக்கம் போட்டா ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்."

ஆவுடை தனசிங்கைப் பார்த்தாள். அவன் கண்கள் வலது மேல் மூலையில் இருந்தன, அங்கேயே இருந்தன, உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல. அவள் அந்தக் கண்களை விட்டுவிட்டுத் தோளைப் பார்த்தாள். அது இறங்கியது. ஒரு விரல் அளவு, அவ்வளவுதான். முன்கால் விரல்கள் சங்கிலிமுத்துவின் இடது கம்பத்தைப் பார்த்துத் திரும்பின. பந்து இன்னும் புள்ளியில்தான் இருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்திருக்கும், அவன் குதிகாலைப் பார்த்தாள், அசையவில்லை. இப்போது, இப்போது என்று அவளுடைய உடம்பு முழுக்க இடது பக்கம் இழுத்தது, கத்திவிடாமல் இருக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள், இன்னும் அந்தக் குதிகால் வெள்ளைக் கோட்டின்மேல் ஆணி அடித்த மாதிரி நின்றது. தெரிந்தும் நிற்பது என்றால் என்ன என்று அவளுக்குக் கல்யாணமான ஏழு வருஷத்தில் முதல்முறையாகப் புரிந்தது.

தனசிங் தள்ளினான். இடது கம்பத்தின் அடியை நோக்கி, தரையோடு தரையாக, புழுதியைக்கூடக் கிளப்பாமல் பந்து போனது.

சங்கிலிமுத்து விழுந்தான். மரம் விழுகிற மாதிரி இடது பக்கமாக, நீட்டிய கைக்குப் பின்னால் தோள், தோளுக்குப் பின்னால் தலை. கையுறைக்கு அடியில் பந்து நுழைந்து போய்விட்டது. கைக்குப் பின்னால், கோட்டின்மேல், தரையோடு ஒட்டி அவன் முகம் இருந்தது. இடது கண்ணில் பட்டு, பட்ட இடத்திலேயே, அவன் மூக்கை ஒட்டி, வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல் பந்து நின்றது.

உடம்பில் எந்த இடம் என்பதைத்தான் அந்த வட்டங்கள் எப்போதும் சொல்லிவந்தன. கோலில் எந்த இடம் என்பதை அவை ஒருநாளும் சொன்னதில்லை. கண் என்றதும் உயரம் என்று ஓடைமங்கலம் படித்தது, சத்திரமும் அப்படியே படித்தது. முகத்தைக் கொண்டுபோய்த் தரையில் வைப்பவன் இருப்பான் என்று படிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்பயர் மண்டியிட்டு, குனிந்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். எழுந்து, கோல் இல்லை என்று கையை அசைத்தார். ஊர் கத்தவில்லை. நான்காயிரம் பேரும் அந்தக் கண்ணுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் நடக்கும்போது பெண்கள் அந்த மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. ஆவுடை வலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவள் முன்னால் உட்கார்ந்து, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கத்தரிக்காய் நிறம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாயம் போவதுபோல் வெளுத்துக்கொண்டு வந்தது. வீக்கம் தணிந்தது. இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, பிறகு ஒரு ஓரத்தில் பிரிந்தன, சிவப்பாக ஏதோ தெரிந்தது, அதற்கு நடுவில், சேதமில்லாமல், அந்தக் கருமணி இருந்து அவளைப் பார்த்தது.

"தெரியுதா?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"நீ கோட்டுக்குள்ள ஒக்காந்திருக்கது தெரியுது. அம்பயர் பாக்காரு. எந்திரிச்சு வெளிய போ, ஆட்டம் இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

அவள் எழுந்தாள். முழங்காலில் ஒட்டிய கரிசல் மண்ணைத் தட்டாமல், தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க மைதானத்தின் ஓரமாக நடந்து வெளியே போனாள். பின்னால் விசில் ஊதியது, மட்டைகள் மோதின, யாரோ பந்தைக் கேட்டுக் கத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.